பென்னைன் மேட்டில் கோரஸுக்கு ஆள் சேர்ப்பது எப்படி

வட இங்கிலாந்தில், பென்னைன் மலைமேட்டில், ஆல்ஸ்டன் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் எனக்கு வேலை. வீடு வீடாகக் காரில் போய் வயதானவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, டீ போட்டு வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் பராமரிப்பு வேலை. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவில் ஆடுகளும் கல்சுவர்களும்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஆங்கில நாட்டார் பாடல்களைச் சேர்ந்து பாட எனக்கு ஆள் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நார்தம்பர்லாந்தின் உள்பகுதியில் நர்ஸாகச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். "அக்கா, நியூகாசில் போனா ஃபோக் கிளப் இருக்கு, ஆனா ராத்திரி திரும்பி வர பஸ் இல்லை. இங்க கிராமத்துல கேட்டா யாருக்கும் பாட்டே தெரியாதுங்கிறாங்க." அவருக்குப் போனில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். டாக்டராகவும் நர்ஸாகவும் கேரராகவும் இந்த நாட்டின் மூலைமுடுக்குகளில் இருக்கும் நம்மவர்களில் இந்தக் கிறுக்கு வேறு யாருக்காவது இருந்தால் உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பாடகர்களைத் தேடாதீர்கள். கோரஸ் பாடக்கூடியவர்களைத் தேடுங்கள்.

ஆங்கில நாட்டார் பாடலைப் பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லாமல்தான் பாடுவார்கள். ஒருவர் சரணத்தைப் பாட, கோரஸ் வரும்போது அறையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். நம் ஊர் பஜனையில் முன்னே பாடுகிறவர் ஒருவர், பின்னே எடுப்பவர்கள் ஊரார் என்பது மாதிரிதான். பின்பாட்டுக்காரர்களிடம் யாரும் சங்கீதப் பரீட்சை வைப்பதில்லை. சரணங்கள் தெரிந்தவர் இரண்டு பேர், கோரஸுக்கு வாய் திறக்கக் கூச்சப்படாதவர் நாலு பேர். இது போதும், ஒரு மாலை நிறைந்துவிடும். பத்துப் பாடகர்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தால், அவரவர் முறைக்காகக் காத்திருக்கும் பத்துப் பேர்தான் இருப்பார்கள். பெரிய ஊர் கிளப்புகளில் அதைப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிப்பதில்லை.

அதனால் "உங்களுக்கு நாட்டார் பாட்டு தெரியுமா?" என்று யாரையும் கேட்காதீர்கள். தெரியாது என்றுதான் பதில் வரும். அப்படிச் சொன்ன அதே ஆள் நியூகாசில் யுனைடெட் மைதானத்தில் 'பிளேடன் ரேசஸ்' பாட்டைத் தொண்டை கிழியப் பாடியிருப்பார். அது 1862இல் ஜார்டி ரிட்லி மேடைக்காக எழுதிய பாட்டு. டர்ஹம் பக்கத்து ஆளாக இருந்தால் 'லாம்டன் வர்ம்' பாட்டின் கோரஸ் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் ஆகியிருக்கும். அது 1867இல் நியூகாசிலில் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரிகிறதே, இதையெல்லாம் நாட்டார் பாடல் என்று சொல்லலாமா என்று கறாராகக் கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஊரே சேர்ந்து பாடுகிறது என்றால் எனக்கு அது போதும்.

பாட்டுக் கையிருப்பு

ஆள் தேடக் கிளம்புவதற்கு முன்னால் உங்களிடம் மூன்று பாட்டாவது மனப்பாடமாக இருக்க வேண்டும். மூன்றும் கோரஸ் உள்ளவையாக இருக்கட்டும். அதில் ஒன்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த கோரஸாக இருப்பது நல்லது. 'வைல்ட் ரோவர்' இந்த வேலைக்கென்றே பிறந்த பாட்டு. அயர்லாந்துப் பாட்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு இங்கிலாந்திலும் பழைய வேர் உண்டு. கோரஸில் மேசையைத் தட்ட வேண்டிய இடம் பச்சைக்குழந்தைக்கும் தெரியும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவராக இருந்தால் மெட்டுகள் சுலபமாகப் பிடிபடும். 'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டை நம் காது கரகரப்பிரியா சாயலில்தான் கேட்கும். அவர்கள் டோரியன் என்பார்கள். மிக்ஸோலிடியன் என்றால் ஹரிகாம்போதி, ஏயோலியன் என்றால் நடபைரவி. ஆனால் கமகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சுரத்தை அசைத்தால் கோரஸ்காரர்களுக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடும்.

சுருதிதான் முக்கியம். ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகிய பெண்கள் அதே சுருதியில் ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கும் விவசாயி இரண்டாவது வரியிலேயே வாயை மூடிக்கொள்வார். கோரஸின் உச்ச சுரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, அது இரண்டு, இரண்டரைக் கட்டையைத் தாண்டாதபடி கீழிருந்து ஆரம்பியுங்கள். பாட வராதவர்களுக்கும் எட்டும் உயரம் அது. போனில் சுருதி ஆப் வைத்திருப்பவர்கள் வாசலிலேயே ஒருமுறை கேட்டுவிட்டு உள்ளே போகலாம்.

உச்சரிப்பைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. உங்கள் வாயில் ஆங்கிலம் எப்படி வருமோ அப்படியே பாடுங்கள். யார்க்‌ஷயர்காரர் மாதிரி, ஜார்டி என்று சொல்லும் நியூகாசில்காரர் மாதிரி குரலை மாற்றி நடித்தால்தான் உள்ளூர்க்காரர் முகம் சுளிப்பார். புத்தகத்தைப் பார்த்துப் பாடுவதும் வேண்டாம். குனிந்த தலையைப் பார்த்து யாரும் கோரஸில் சேர மாட்டார்கள்.

அந்த ஊரின் பாட்டைக் கண்டுபிடியுங்கள்

இதை நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். வேறு எதைவிடவும் அதிகமான கதவுகளைத் திறந்துவிட்டது இதுதான்.

லண்டனில் கேம்டன் பகுதியில் செசில் ஷார்ப் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருக்கிறது, 1930இல் திறந்தது. ஆங்கில நாட்டார் நடன, பாடல் சங்கத்தின் தலைமையகம். அதற்குள்ளே வான் வில்லியம்ஸ் நினைவு நூலகம். நீங்கள் லண்டன் வரை போக வேண்டாம். அந்த நூலகத்தின் இணையதளத்தில் பழைய பாடல் சேகரிப்பாளர்களின் கையெழுத்துப் பிரதிகளே படமாக இருக்கின்றன, காசு எதுவும் இல்லை. ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் தொகுத்த பட்டியலும் அங்கேதான். ஒரே பாட்டு ஊருக்கு ஊர் வேறு பெயரில் இருக்கும் என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் ஓர் எண் கொடுத்திருக்கிறார். 'பார்பரா ஆலன்' எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் வந்தாலும் ரவுட் 54தான். 'ஜான் பார்லிகார்ன்' 164.

நம் வேலைக்கு வேண்டியது அங்கே ஊர்ப் பெயரை வைத்துத் தேடும் வசதி. உங்கள் கிராமத்தின் பெயரைப் போடுங்கள். ஒன்றும் வராவிட்டால் பக்கத்துக் கிராமம், அப்புறம் அடுத்த பள்ளத்தாக்கு, அப்புறம் கவுண்டி. பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று மாட்டினால் பாடியவர் பெயர், ஊர், தேதி, சில சமயம் வயதும் தொழிலும்கூட இருக்கும். மெட்டு ஒரு தாளிலும் வார்த்தைகள் இன்னொரு தாளிலும் கிடக்கலாம். சேகரித்தவர் முதல் சரணத்தை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால், ரவுட் எண்ணைப் பிடித்துக்கொண்டு வேறு ஊரில் கிடைத்த மிச்ச சரணங்களை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பாடல்காரர்கள் காலம்காலமாகச் செய்துவருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாமர்செட் மாதிரி தெற்கு, தென்மேற்குப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு யோகம். சேகரிப்பாளர்கள் அங்கேதான் அதிகம் சுற்றினார்கள். மலைமேட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் வறட்சி. நார்தம்பர்லாந்து என்றால் 1882இல் வந்த 'நார்தம்பிரியன் மின்ஸ்ட்ரல்சி' தொகுப்பு கைகொடுக்கும்.

இப்படிக் கிடைத்த பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தபால் நிலையத்தில், கடையில், ஆட்டுச் சந்தையில் யாரிடமாவது "நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் இன்னார் பாடிய பாட்டாம், அந்தக் குடும்பம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். நாட்டார் இசை என்றதும் நகர்ந்துபோகிற ஆள், ஊர்க்காரர் ஒருவரின் பெயர் காதில் விழுந்ததும் நின்றுவிடுவார். அது என் அத்தை வழி, அந்தப் பண்ணை இப்போது இன்னாரிடம் இருக்கிறது, அவர் தாத்தா பாடுவார் என்று பேச்சு நீளும். வெளியிலிருந்து வந்த நாம் அவர்கள் ஊரின் பாட்டை அவர்களிடம் கொண்டுபோகிறோம். நன்றாகப் பாடத் தெரிந்த உள்ளூர்க்காரரைவிட இந்த விஷயத்தில் நமக்குத்தான் வசதி அதிகம் என்று எனக்குத் தோன்றும். அயலூர்க்காரி என்ன கேட்டாலும் அப்பாவித்தனமாகத்தான் தெரியும்.

வயதானவர்களிடம் கேட்பது

1903 டிசம்பரில் இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் எஸ்ஸெக்ஸில் இங்கிரேவ் கிராமத்தின் பாதிரியார் வீட்டுத் தேநீர் விருந்துக்குப் போனார். அங்கே இருந்த முதியவர் பாட்டிஃபர் அந்தச் சபையில் பாட மறுத்துவிட்டார். ஆனால் மறுநாள் தன் வீட்டுக்கு வந்தால் பாடுகிறேன் என்றார். போனவருக்குக் கிடைத்தது 'புஷஸ் அண்ட் பிரையர்ஸ்'. அதற்கப்புறம் அவர் சேர்த்த பாட்டுகள் 800க்கும் மேல். அதே வருடம் ஆகஸ்டில் சாமர்செட்டின் ஹாம்பிரிட்ஜில் பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப்புக்கு முதல் பாட்டு கிடைத்ததும் பாதிரியார் வீட்டுத் தோட்டக்காரரிடமிருந்துதான். மேடையும் சபையும் வேண்டாம், வேலையும் வீடும்தான் பாட்டு வெளியே வரும் இடங்கள் என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

என் வேலையில் எனக்கு இந்த வாய்ப்பு தினமும் உண்டு. ஒரு மேய்ப்பர், தொண்ணூறை நெருங்கியவர். பாடச் சொன்னால் "எனக்குக் குரல் போய்விட்டது" என்பார். நான் கேட்பதை விட்டுவிட்டேன். குனிந்து அவருக்குக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டே ஒரு வரியை முணுமுணுப்பேன், கடைசிச் சொல்லை மட்டும் பாடாமல் நிறுத்திவிடுவேன். குதிகாலில் காலுறை சிக்கிக்கொண்ட மாதிரி கொஞ்சம் தாமதிப்பேன். மேலிருந்து அந்தச் சொல் வந்து விழும். இரண்டாவது காலுறை ஏறுவதற்குள் அடுத்த வரியும் வரும். மெட்டைக் கொஞ்சம் மாற்றிப் பாடினால் இன்னும் வேகமாக வேலை செய்யும். "அப்படி இல்லை பெண்ணே" என்று திருத்துவதற்காகவே முழுப் பாட்டையும் பாடிவிடுவார்கள்.

இந்தத் தந்திரத்துக்குக் கேரராக இருக்கத் தேவையில்லை. முதியோர் இல்லங்களில் மதியத்தில் பாட வருகிறேன் என்றால் பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுவார்கள். ஒன்று மட்டும்: பதிவு செய்வதாக இருந்தால் அவரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டுக்குள் கேட்டதை வெளியே சொல்வதும் அப்படித்தான்.

முதியவர்கள் உங்கள் மாலைக்கூட்டத்துக்கு வர முடியாமல் இருக்கலாம். ஆனால் அவர்களுடைய மகன், மருமகள், பேத்தி வருவார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பவர்கள்

மோரிஸ் என்ற ஆங்கில நாட்டார் நடனக் குழு எங்காவது எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடி முடித்ததும் பப்புக்குள் போய் உட்கார்ந்து பாடும் வழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. சர்ச் மணி அடிக்கும் குழு இன்னொன்று. வாரம்தோறும் பயிற்சி முடிந்து நேராக பப்புக்குப் போகிறவர்கள், சேர்ந்து ஒரு காரியம் செய்யப் பழகியவர்கள், மழை பனி என்று சாக்குச் சொல்லாதவர்கள். கும்பிரியா பக்கம் என்றால் 'மெர்ரி நீட்' என்று ஒரு விருந்து மாலை நடக்கும். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட டேட்டி பாட் சாப்பாடு, வட்டார மொழியில் கதை, பாட்டு. லேக் டிஸ்ட்ரிக்டில் தவறிப்போன ஆடுகளை உரியவரிடம் ஒப்படைக்க மேய்ப்பர்கள் கூடும் ஷெப்பர்ட்ஸ் மீட் இன்னொரு நல்ல இடம். வேட்டைப் பாட்டுகள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. நாய் விட்டு வேட்டையாடுவதைத் தடுக்கும் சட்டம் 2004இல் வந்தது, பாட்டுக்குத் தடை இல்லை. வேட்டை பற்றி உங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் அங்கே வாயைத் திறக்காமல் கோரஸுக்கு மட்டும் திறப்பது உத்தமம்.

பென்னைன் பள்ளத்தாக்குகளில் மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சேப்பல்களை மறக்காதீர்கள். ஈயச் சுரங்கத் தொழிலாளிகள் வாழ்ந்த ஊர்கள் இவை. அந்தப் பிரிவைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே பக்கத்துப் பள்ளத்தாக்கான வியர்டேலுக்கு வந்து பிரசங்கம் செய்திருக்கிறார். நாலு குரலில் பிரித்துப் பாடுவது இவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. உங்கள் கோரஸுக்குக் கீழே பேஸ் குரலில் ஒருவர் தானாகவே வரி போட்டுக்கொண்டு வந்தால், அவர் சேப்பலில் வளர்ந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இவர்களில் சிலர் பப்புக்குள் கால் வைக்க மாட்டார்கள். அதை இடம் பிடிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை கடைசியில் கிராமம்தோறும் ஷோ நடக்கும். ஆடு, கேக், லீக் காய், பூ எல்லாவற்றுக்கும் பரிசு. கமிட்டியிடம் பேசி, கோரஸ் பாட்டுக்கும் ஒரு போட்டி வைக்கச் சொல்லிப் பாருங்கள். புது யோசனை ஒன்றும் இல்லை. 1905இல் லிங்கன்ஷயரின் பிரிக் நகர இசைப் போட்டியில் நாட்டார் பாடலுக்கு ஒரு பிரிவு சேர்த்தார்கள். எழுபது தாண்டிய ஜோசப் டெய்லர் முதல் பரிசு வாங்கினார். இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் மறு வருடம் போனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் குரலைப் பதிவு செய்தார். அந்தக் குரலை இன்றும் கேட்கலாம், கேளுங்கள்.

அறிவிப்பு

சர்ச்சின் மாத இதழ், கடை ஜன்னல், பஸ் நிறுத்தம், கால்நடை மருத்துவர் வரவேற்பறை. இவ்வளவுதான். மாத இதழுக்கு முந்தைய மாத நடுவிலேயே கொடுத்துவிட வேண்டும், ஆசிரியர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையாக இருப்பார், தேதி விஷயத்தில் இரக்கம் காட்ட மாட்டார்.

எங்கள் அட்டையில் இருந்தது இது: "சேர்ந்து பாடும் மாலை. கோரஸ் உள்ள பழைய பாட்டுகள். வாத்தியம் வேண்டாம், மைக் கிடையாது. பாட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கேட்க மட்டும் வரலாம். டீ உண்டு. வண்டி இல்லாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் அழைத்து வருகிறோம்." கேட்க மட்டும் வரலாம் என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அந்த வரியை நம்பி வந்தவர்கள்தான் கோரஸ். வண்டி பற்றிய வரியும் அப்படித்தான். மலையில் கூட்டம் கூடுவதும் கூடாததும் கடைசியில் காரில் யாருக்கு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எங்கே, எப்போது

பப்பில் என்றால் செவ்வாய் அல்லது புதன். அன்று ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் உரிமையாளர் பின் அறையைச் சந்தோஷமாகக் கொடுப்பார், வாடகைகூடக் கேட்க மாட்டார். டிவியையும் இசைப்பெட்டியையும் நிறுத்துவீர்களா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். லைசன்ஸ் பிரச்சினை வருமோ என்று அவர் தயங்கினால், 2012 லைவ் மியூசிக் சட்டத்தைச் சொல்லுங்கள். மைக், ஸ்பீக்கர் இல்லாமல் பாடுவதற்குக் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேளிக்கை உரிமம் தேவையில்லை.

சேப்பல்காரர்களுக்காக ஒரு மாதம் பப், ஒரு மாதம் வில்லேஜ் ஹால் என்று நாங்கள் மாற்றி மாற்றி வைக்கிறோம். ஹாலுக்குச் சில பவுண்டு வாடகை, தட்டில் விழும் சில்லறையில் அது வந்துவிடும். ஹாலில் எதிரொலி நன்றாக இருக்கும், ஹீட்டர் மோசமாக இருக்கும்.

மேட்டு நிலத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆடுகள் குட்டி போடும், அப்போது ஒரு விவசாயியும் வர மாட்டார். ஜூலையில் வைக்கோல், ரோமம் கத்தரிப்பு. செப்டம்பர், அக்டோபரில் ஆட்டு விற்பனை. ஆக, அக்டோபர் கடைசியில் ஆரம்பிப்பது நல்லது. இருட்டிவிடும், எல்லோருக்கும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அலுப்பு தொடங்கும் நேரம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கேரல் பாடலாம் என்றால் பாட்டே தெரியாதவரும் வருவார். ஷெஃபீல்டுக்கு வடமேற்கே உள்ள கிராமங்களில் நவம்பர் நடுவிலிருந்து பாக்ஸிங் டே வரை பப்புகளில் அந்தந்த ஊருக்கே உரிய கேரல்களைப் பாடுகிறார்கள். ஒரே வார்த்தைகளுக்குப் பல மெட்டு. இடம் நெருக்கி அடித்துக்கொண்டு கூட்டம்.

முதல் மாலை

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரிசையாகப் போட்டால் கச்சேரி ஆகிவிடும். வட்டத்தில் இடமிருந்து வலமாக முறை போகட்டும். தன் முறை வரும்போது பாடலாம், கவிதை சொல்லலாம், "அடுத்தவர்" என்று தள்ளிவிடலாம், யாராவது இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்கலாம். இதைத்தான் சிங்-அரவுண்ட் என்கிறார்கள்.

ஆரம்பப் பாட்டை நீங்களே எடுங்கள், தெரிந்த கோரஸாக. கோரஸ் வார்த்தைகளை முதலில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். நன்றாகப் பாடுகிறவர் வந்திருந்தால் அவரை இரண்டாவதாக விடாதீர்கள். அவர் பாடி முடித்ததும் அறையில் எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும். சுமாராகப் பாடுகிற, ஆனால் கவலையே படாத ஆள் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். இரண்டாவது முறை அவருடையது. அவருக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று ஆகிவிடும்.

கிட்டாரோடு ஒருவர் வருவார். வரட்டும், ஆனால் அடுத்தவர் பாட்டுக்கு வாசிக்கக் கூடாது, அவர்கள் சுருதி எங்கே போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. முப்பது சரணத்துக் கதைப்பாட்டை வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். இடைவேளைக்குச் சற்று முன்பு அவர் முறை வரும்படி உட்கார வையுங்கள். விவசாயிகள் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகளைப் பாடுவார்கள், கண்டிப்பாகப் பாடுவார்கள். இது ஆங்கில நாட்டார் பாடல் இல்லையே என்று ஒருவரைத் திருத்தினால் அந்த மாலையோடு நாலு பேரை இழந்தீர்கள். கடல் கடந்து போன பாட்டு சுற்றி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1916இலிருந்து 1918 வரை செசில் ஷார்ப் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்குப் போய்ச் சேகரித்ததும் இங்கிலாந்திலிருந்து போன பாட்டுகளைத்தானே. கன்ட்ரி பாட்டுக்கும் கோரஸ் உண்டு, சேர்ந்து பாடுங்கள். அடுத்த மாதம் அவரே அவர் பாட்டனார் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார்.

ஒன்பது மணிக்கு டீ, பிஸ்கட். புதியவர்களிடம் பேசுவது அப்போதுதான். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், எந்த ரோட்டில் வந்தீர்கள் என்று கேளுங்கள். அடுத்த முறை யாரை யாருடைய காரில் ஏற்றலாம் என்பது அதிலிருந்து தெரியும்.

வெளியூர் கிளப், விழா, ஜூம்

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபோக் கிளப் இருந்தால் எப்போதாவது போய் வாருங்கள். வாசலில் நடத்துபவரிடம் பெயரைக் கொடுத்தால் ஒன்றிரண்டு பாட்டு பாட விடுவார்கள், ராஃபிள் (குலுக்கல்) டிக்கெட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாடும்போது நீங்கள் எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறீர்கள் என்பதை அவசியம் சொல்லுங்கள். உங்களைப் போலவே ஒரு மணி நேரம் ஓட்டி வந்த இன்னொருவர் இடைவேளையில் தேடி வருவார், அவர் வீடு உங்கள் வீட்டிலிருந்து ஐந்து மைலில் இருக்கும். ஆகஸ்டில் டெவனில் நடக்கும் சிட்மத் விழா 1955இலிருந்து நடக்கிறது. அங்கேயும் இதே கதைதான்.

ஜூமில் பாடுவது பற்றி: 2020 ஊரடங்கில் எல்லோரும் அதைத்தான் செய்தோம். குரல் போய்ச் சேரத் தாமதம் ஆவதால் கோரஸை ஒன்றாகப் பாடவே முடியாது. ஒருவர் பாட, மற்றவர்கள் ஒலியை அடைத்துவிட்டுத் தத்தம் வீட்டில் தனியாகப் பாட வேண்டும். புதுப் பாட்டு கற்க நல்லது, பனியில் மாட்டிக்கொண்ட வாரத்துக்கும் பரவாயில்லை.

தேதி

மாதத்தின் இரண்டாவது புதன் என்றால் இரண்டாவது புதன்தான். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு உறுதி செய்யும் வேலையே வேண்டாம். இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள். ஆளுக்கொரு பாட்டு புதிதாகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மாலை கிடையாது. ஹார்ட்சைட் கணவாய் வழியாக வரும் ரோடு 580 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. அதைப் பனிக்காக மூடிவிட்டால் அடுத்த புதன் என்று எங்களுக்குள் விதி, யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை.

நீங்கள் இல்லாமலும் நடக்கும்படி சீக்கிரமே இன்னொருவரைத் தயார் செய்துவிடுங்கள். நம் வேலை ஷிஃப்ட் வேலை, எப்போது எங்கே மாற்றுவார்கள் என்று தெரியாது. எனக்கு இரவு ஷிஃப்ட் விழும் மாதங்களில் சாவியை வாங்கிக்கொண்டு நடத்துவது ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர். நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிப்பார், பிஸ்கட் என்னைவிட நல்லதாக வாங்குவார். கன்ட்ரி பாட்டு மட்டும் கொஞ்சம் கூடிப்போகும்.